போகிறவர்களிடம் நாயைக் கொடுக்கலாமா?

ரங்கூனில் தெருநாய்களை எடுத்துத் தேற்றி வீடு தேடிக் கொடுக்கும் சின்னக் குழு எங்களுடையது. எங்களிடம் நாய் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு தாள் கொடுப்போம். பெயர், முகவரி, வீடு சொந்தமா வாடகையா, எத்தனையாவது மாடி, வீட்டில் யார் யார், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆனது என்று வரிசையாகப் போகும். கடைசியில் ஒரு கேள்வி: "நாட்டை விட்டுப் போகும் எண்ணம் உண்டா?" அதற்கு "உண்டு" என்று எழுதியவருக்கு நாய் கிடையாது. எல்லோருமாகக் கூடி முடிவு செய்த விதி அது. பர்மியத்திலும் தமிழிலும் எழுதி நகலெடுத்துக் கொடுத்தது நான். ஆனாலும் அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஊரில், இந்தக் காலத்தில், இருபத்துச் சொச்சம் வயதுப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்து இப்படிக் கேட்பது நியாயம்தானா? கேட்காமல் நாயைத் தூக்கிக் கொடுத்துவிடுவதுதான் நியாயமா? வெகு நாள் இந்த இரண்டுக்கும் நடுவிலேயே கிடந்தேன்.

எங்கள் குழு பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. பெயர்ப்பலகை கிடையாது, பதிவு கிடையாது. பாதிக் கட்டணத்தில் வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் கால்நடை மருத்துவர் இருக்கிறார்; சயாமா என்று கூப்பிடுவோம். கல்லூரிப் படிப்பை முடித்த இரண்டு பர்மியப் பெண்கள், அடிபட்ட நாயைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் ஏற்றி வரும் ஒரு சைக்காக்காரர் (சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்), இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதும் நான். ரங்கூனில் தாம்வேயில் எனக்குத் தரைத்தளத்து வீடு, பின்னால் சின்ன முற்றம். தெருவிலிருந்து எடுத்த நாய் தேறி, ஒரு வீடு அமையும் வரை அந்த முற்றத்தில்தான் கிடக்கும். ஆகவே எந்த நாய் போனாலும் அது என் வீட்டுப் படியைத் தாண்டித்தான் போகும். யாரிடம் போகிறது என்று மற்றவர்களைவிட நான் அதிகம் கவலைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கேள்வி வீணாக வந்ததில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பல வீடுகள் ஒரே இரவில் பூட்டப்பட்டன. அதே வருடம் ஜூலை, ஆகஸ்டில் கொரோனா மூன்றாம் அலை வந்தபோது ஆக்ஸிஜன் உருளைக்கு மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், வீட்டிலிருந்த பெரியவர் இறந்துபோக, அவர் வளர்த்த நாய் வாசலிலேயே கிடந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தோம். கழுத்துப் பட்டையோடும் சீவிய முடியோடும் பொமரேனியன்களும் ஷிட்சுகளும் குப்பைமேட்டில் தெருநாய்களுக்கு நடுவே நடுங்கிக்கொண்டு நின்றன. பிறகு 2024 பிப்ரவரி 10ஆம் தேதி கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஆண்களில் 18 முதல் 35 வயது, பெண்களில் 18 முதல் 27 வயது. அடுத்த வாரமே தாய்லாந்துத் தூதரகத்து வாசலில் விசாவுக்கு நின்ற வரிசையை ஊரே பார்த்தது. அந்த வயதில் உள்ளவர்கள்தான் எங்களிடம் நாய் வாங்கியவர்களும். தெருவில் அடிபட்ட நாயைப் பார்த்து நின்று போன் போடுகிறவர்கள், நள்ளிரவில் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கக் கூச்சப்படாதவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஒருவர் பின் ஒருவராக நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். சிலர் விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். கூட்டிக்கொண்டு போகலாமே என்று சொல்வது எளிது. சிப் பொருத்தி, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வாங்கி, அனுமதிக் கடிதம் பெற்று, விமானக் கட்டணமும் கட்டினால்தான் நாய் முறைப்படி எல்லை தாண்டும். தன் டிக்கெட்டுக்கே அம்மாவின் வளையலை விற்றவர்கள் அதற்கு எங்கே போவார்கள்?

"பொறுப்பில்லாதவர்கள்" என்று எங்கள் குழுவிலேயே பேச்சு வந்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. உயிருக்குப் பயந்து போகிறவர்கள் மீது அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் திரும்பி வந்த நாய் என் முற்றத்தின் மூலையில் முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டு படுத்திருக்கும்போது, அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மடத்து வாசலில் விட்டால் என்ன?

இந்த ஊரில் நாயை யாரும் வெறுப்பதில்லை. விடியற்காலையில் மிச்சச் சோற்றைத் தெருமுனையில் நாலு நாய்க்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் பர்மியக் குடும்பங்கள் எத்தனையோ. உயிரைக் கொல்லாதே என்பது பௌத்தத்தின் முதல் சீலம். ஆகவே வேண்டாத குட்டியை யாரும் ஆற்றில் போடுவதில்லை; கூடையில் வைத்து போங்கி (பௌத்தத் துறவி) மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே சோறு கிடைக்கும் என்ற நம்பிக்கை. கிடைக்கவும் கிடைக்கும். போங்கிகள் உச்சிப் பொழுதுக்குள் உண்டு முடித்துவிடுவதால் மிச்சம் எல்லாம் நாய்க்கும் காக்கைக்கும்தான். நம் ஆட்களும் அதையேதான் செய்கிறார்கள். நம் கோயில் வாசலில் விட்டால் குருக்கள் ஏசுவார், மடத்தில் யாரும் ஏசமாட்டார்கள் என்று என் சொந்தக்கார அண்ணி ஒருவர் சொன்னதுண்டு.

சோறு கிடைக்கிறது, சரி. அதற்கப்புறம் நடப்பதைப் பார்க்கத்தான் யாரும் நிற்பதில்லை. ஆறேழு வாரக் குட்டிக்குத் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டு வரும் நேரம் அது. அந்த வயதில் பார்வோ கிருமி பட்டால் வாந்தியும் ரத்தபேதியுமாக இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். போன மாதம் செத்த குட்டி கிடந்த இடத்தில் இந்த மாதம் புதுக் கூடை வந்து இறங்குகிறது. மடத்தில் இருப்பவர்கள் கருணை உள்ளவர்கள்தான். ஆனால் நாள்தோறும் வந்து இறங்கும் குட்டிகளுக்கு ஊசிச் செலவை அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள்? தான்லியினில் உள்ள தபாவா மையம் போல முதியோரையும் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு நாய்களுக்கும் இடம் கொடுத்த இடங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாக் கூடைகளையும் அந்தப் பக்கமே தள்ளிவிட்டால் அவை மட்டும் எவ்வளவுதான் தாங்கும்?

கூடையில் வருபவற்றில் பெரும்பாலும் பெட்டைகள். கடுவனை யாராவது எடுத்துக்கொள்வார்கள். பெட்டை ஆறு மாதத்திலிருந்தே பருவத்துக்கு வந்துவிடும், சினையானால் அறுபத்து மூன்று நாளில் குட்டி போட்டுவிடும் என்ற பயம். அதற்குத்தான் கருத்தடை அறுவை இருக்கிறதே என்றால், "பாவம், எதுக்கு அறுக்கணும்" என்பார்கள். அறுக்காமல் விட்ட பாவம் வருடத்துக்கு இரண்டு கூடையாக மடத்து வாசலுக்குப் போவதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த இடத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. என் முற்றத்திலிருந்து வெளியே போகும் வளர்ந்த பெட்டை எதுவும் அறுவை முடியாமல் போகாது. குட்டியாகப் போனால், வயது வந்ததும் கொண்டுவருவதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன்.

வெறிநோயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்கள் ரங்கூனில் நாய் பெருகினால் நஞ்சு கலந்த இறைச்சியைப் போடுவதுதான் வழக்கமாக இருந்தது. காலையில் எழுந்து வாசல் தெளிக்கப் போனால் நேற்றுவரை வாலாட்டிய நாய் வாயில் நுரையோடு கிடக்கும். அதனால் நோய் ஒழிந்ததா? ஒரு தெருவில் நாய்கள் செத்தால் அடுத்த தெரு நாய்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். நஞ்சுக்கு ஊசி போட்ட நாய், போடாத நாய் என்ற வித்தியாசம் தெரியாது. நூற்றில் எழுபது நாய்க்காவது தடுப்பூசி போட்டுவைத்தால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே தெருவில் விடப்பட்ட ஒரு நாய் அந்தத் தெருவுக்கே காவல். எங்கள் இரண்டு பெண்களில் ஒருத்தியை ஒருமுறை புது நாய் ஒன்று கடித்துவிட்டது. பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் காயத்தைக் கழுவ வைத்து, அப்படியே ஊசிக்கு அழைத்துப் போனோம். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வேலை இப்போது முன்னைவிடக் கடினம். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் முறை வைத்து வருகிற ஊரில் சயாமா ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு ஜெனரேட்டர் இருக்கும் கடை கடையாகப் போய்க் கேட்கிறார். முன்பெல்லாம் ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டால் மாலைக்குள் நாலு பேர் கேட்பார்கள். 2021இலேயே அது முடக்கப்பட்டு, விபிஎன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2024 மே கடைசியில் அந்த விபிஎன்களுக்கும் தடை வந்ததும் பாதிப் பேர் காணாமல் போனார்கள். இப்போது வைபரில் அனுப்புகிறோம், டீக்கடைச் சுவரில் காகிதம் ஒட்டுகிறோம். ஒரு விதத்தில் காகிதமே நல்லதோ என்றும் தோன்றுகிறது. படத்தைப் பார்த்து மயங்கிக் கேட்கிறவர் தொலைவில் இருப்பார். காகிதத்தைப் பார்த்துக் கேட்கிறவர் பக்கத்துத் தெருக்காரர்.

"உண்டு" என்று எழுதிய பையன்

2024 மழைக்காலத்தில் ஷ்வேவா என் முற்றத்துக்கு வந்தாள். மஞ்சள் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். டாக்ஸி அடித்துப் பின்னங்கால் எலும்பு முறிந்து சாக்கடை ஓரத்தில் கிடந்தவளைப் பற்றி எங்களுக்குச் சொல்லி, சைக்கா வரும்வரை மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் ஒரு தமிழ்ப் பையன். போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. தன் சந்தின் முனையில் ஒரு வருடத்துக்கு மேலாக அவளுக்குச் சோறு போட்டு வந்தவன். கால் கூடும்வரை வேலை முடிந்ததும் தினம் வருவான். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவளோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். அவன் சைக்கிள் சத்தம் கேட்டாலே அவள் மூன்று காலில் எழுந்து நிற்பாள். அவளுக்கு வேறு வீடு தேட வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளைக் கொடுத்தோம். எல்லாக் கேள்விக்கும் சுத்தமாகப் பதில் எழுதியிருந்தான். கடைசிக் கேள்விக்கு "உண்டு" என்று எழுதி, அதன் கீழே "எப்போது என்று தெரியாது" என்றும் எழுதியிருந்தான். குழுவில் பேசினோம். விதி விதிதான் என்றார்கள். அவனுக்காக மாற்றினால் போன மாதம் மறுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றாள் பெண்களில் ஒருத்தி. அவள் கேட்டதும் சரிதான். நான் அவனிடம் சொன்னேன். "பரவால்லக்கா, புரியுது" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொய்யாக "இல்லை" என்று எழுதியிருந்தால் அவளை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். உண்மையை எழுதினவனுக்கு நாய் இல்லை, பொய் எழுதினவனுக்கு உண்டு என்று ஆகிறதே என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் பாட்டி வந்தார். எழுபதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, நெற்றியில் திருநீறு, கன்னத்தில் தனாகா என்ற மரப்பட்டைப் பூச்சு. மின்சாரம் இல்லாத நேரம். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து உட்காரச் சொன்னேன்.

"ஏம்மா, பையன் போயிருவான்னு நாய் குடுக்கலையாமே?"

"அவரு போயிட்டா அதை யாரு பாத்துக்குவா பெரியம்மா? திரும்பத் திரும்ப ஆள் மாறுனா அது தாங்காது."

"அவன் போவான். போகணும்னுதான் நானும் காளியாத்தா கோயில்ல விளக்குப் போடுறேன். அவன் இங்க இருக்கக் கூடாதும்மா. ஆனா நான் எங்க போவேன்? நாங்க எல்லாம் போகாம நின்னவங்க."

அப்புறம் அவர் சொன்னது முழுவதையும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. அவருக்குப் பத்து வயதிருக்கும்போது, 1964இல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. சில வருடங்களுக்குள் சுமார் 3 லட்சம் இந்திய வம்சாவளியினர் இந்த மண்ணை விட்டுப் போனார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலர் அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். எங்கள் மாதிரி குடும்பங்கள் நின்றவர்களின் வழி. அந்தக் கதைகளில் தாலியைக் கழற்ற வைத்ததும் கப்பலில் குழந்தை பிறந்ததும் வரும். நாய்கள் வந்து நான் கேட்டதில்லை. அந்த அம்மாள் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கப்பலுக்குக் கிளம்பிய அன்று, அந்த வீட்டம்மா ஒரு பானை அரிசியைக் கொண்டுவந்து இவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தாராம். "நாய் இங்கதான் கிடக்கும். இது தீர்ற வரைக்கும் போடு, அப்புறம் உன் இஷ்டம்" என்றாராம். குதிரை வண்டிக்குப் பின்னால் துறைமுகம் வரை ஓடிய நாய், ராத்திரியில் திரும்பி வந்து பூட்டிய வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது. சில மாதத்தில் அந்த வீட்டுக்கு ஒரு பர்மியக் குடும்பம் குடிவந்தது. முதல் நாள் அவர்கள் நாயை விரட்டினார்கள். இவர் அம்மா போய், "இது இந்த வீட்டு நாய்" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை பர்மியத்தில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து காலைச் சோறு அந்த வீட்டில், ராச்சோறு இந்த வீட்டில். கிழடாகிச் செத்தபோது இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்துதான் குழி தோண்டினார்களாம்.

"வைரவரை அவனுக்குக் குடுக்காதம்மா. எங்க வாசலுக்குக் குடு" என்றார்.

வைரவர் என்றது ஷ்வேவாவைத்தான். அவருக்கு எல்லா நாயும் வைரவர். அவர் போன பிறகும் அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குள்ளேயே நின்றது. எங்கள் தாளில் இருந்த கேள்விகள் எல்லாம் ஒரு தனி ஆளைப் பற்றியவை. உன் வருமானம் என்ன, உன் அனுபவம் என்ன, நீ இருப்பாயா, போவாயா. ஒரு மனிதர் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓர் இடத்தில் நிற்பார் என்பதன் மேல் ஒரு நாயின் ஆயுளை முழுவதும் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தோம். இந்த மண்ணில் 1942இல் நடந்து போனார்கள், 64இல் கப்பலில் போனார்கள், இப்போது எல்லைக் காட்டு வழியிலும் விமானத்திலும் போகிறார்கள். எந்தத் தலைமுறைக்கும் இருப்பேன் என்று உறுதி சொல்லும் வசதி வாய்த்ததில்லை. யாரும் கொடுக்க முடியாத ஒரு வாக்கைக் கேட்டுவிட்டு, கொடுக்காதவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

வாசலைப் போய்ப் பார்த்தது

மறுநாள் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அந்தச் சந்துக்குப் போனேன். வீடு பார்க்கப் போகும்போது வழக்கமாக நான் பார்ப்பது கதவு, கம்பி, தண்ணீர்த் தொட்டி, நாய் தாண்டி ஓடக்கூடிய இடைவெளி. அன்றைக்கு எதிர்வீட்டையும் பார்த்தேன். முனையில் காலையில் மோய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) விற்கும் பர்மிய அம்மாள், "ஷ்வேவா கால் கூடிடுச்சா?" என்று நான் கேட்பதற்கு முன்பே கேட்டார். மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவரிடம் நாய்க்காக ஒரு பழைய கம்பளி இருந்தது. அடுத்து நம் தமிழ் முஸ்லிம் பாய் ஒருவரின் டீக்கடை. தொழுகைக்குப் போகும் உடுப்பில் நாயின் ஈர வாய் படக் கூடாது என்பதால் அவர் தொடமாட்டார், கடைக்குள் விடமாட்டார். ஆனால் வாசலில் மண்சட்டி நிறையத் தண்ணீர், பக்கத்தில் ஒரு தகரத் தட்டில் ரொட்டித் துண்டுகள். "வாயில்லா ஜீவன்மா, தண்ணி வைக்கிறதுக்கு என்ன" என்றார். அந்த நாய்க்கு வீடு ஏற்கெனவே அமைந்திருந்தது. நாங்கள்தான் அதிலிருந்து பெயர்த்து எடுத்து, தாளில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம்.

சயாமா எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் நாய் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நாய், சோறு போடப் பத்துப் பேர் வருவார்கள், தடுப்பூசிக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். அது முழுக்க முழுக்க உண்மை. சோற்றை மட்டும் போட்டு ஊசியும் கருத்தடையும் இல்லாமல் விட்டதால்தானே இந்த ஊர்த் தெருக்கள் இப்படி இருக்கின்றன. நெடுநேரம் பேசி, ஒன்று முடிவு செய்தோம். ஊசிப் புத்தகம் ஒருவர் பெயரில் இருக்கும். அந்தப் பொறுப்பைப் பங்கு போட முடியாது. அவர் போக நேர்ந்தால் புத்தகம் யார் கைக்குப் போகும் என்பதை முதல் நாளே எழுதி, அந்த இரண்டாம் ஆளையும் நேரில் வரச் சொல்லி, நாய் அவர் மடியில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். அந்த இரண்டாம் ஆள் அதே வீட்டிலோ அதே சந்திலோ இருக்க வேண்டும். ஷ்வேவாவின் புத்தகத்தில் பையன் பெயரும் அதன் கீழே அவன் பாட்டி பெயரும் இருக்கின்றன. தாளில் கடைசிக் கேள்வி இப்போது, "நீங்கள் இல்லாவிட்டால் யார்?" என்று இருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் பையன் போய்விட்டான். எப்படிப் போனான், எங்கே இருக்கிறான் என்பது இங்கே வேண்டாம். போன பிறகு ஷ்வேவா சில நாள் எதுவும் தின்னவில்லை. சைக்கிள் நிற்கும் இடத்திலேயே படுத்திருந்தாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. எத்தனை கை இருந்தாலும் நாய் ஒருவரைத்தான் தன் ஆளாக வைத்துக்கொள்கிறது. அந்த ஒருவர் போனால் அது துக்கம்தான். ஆனால் துக்கப்படும் நேரத்தில் அவள் தன் சந்தில், தனக்குத் தெரிந்த மணங்களுக்கு நடுவில் இருந்தாள். மோய்ங்கா அம்மாள் மீன் கலந்த சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் போவார். பெரியம்மா வாசல்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே அவளிடம் பேரனை ஏசிக்கொண்டிருப்பார். ஒரு வாரத்துக்குள் எழுந்து நடந்தாள். என் முற்றத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாய்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை.

எல்லா இடத்திலும் இப்படி அமைவதில்லை. நகரின் நடுவில் எண் போட்ட தெருக்களில் லிப்ட் இல்லாத ஏழு எட்டு மாடிக் கட்டடங்கள். ஐந்தாம் மாடியிலிருந்து கயிற்றில் கிளிப்பைக் கட்டித் தொங்கவிட்டுப் பேப்பரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ளும் வாழ்க்கை. எதிர்வீட்டுக்காரர் முகமே தெரியாது, வாசல் என்று ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு வீட்டுக்குப் போன கடுவன் ஒன்றை, எடுத்தவள் ஊரைவிட்டுப் போனதும், இரண்டாம் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருந்த உறவுக்காரர் யாருக்கும் சொல்லாமல் புறநகர் மடம் ஒன்றில் விட்டுவிட்டார். தேடிக் கண்டுபிடித்தபோது உடம்பெல்லாம் சொறி, முடி கொட்டி எலும்பு தெரிந்தது. மருந்து கொடுத்துத் தேற்றினோம். இப்போது சைக்காக்காரர் வீட்டில் இருக்கிறான். அதற்குப் பிறகு மாடி வீடுகளுக்குக் கொடுக்கும்போது இரண்டாம் ஆள் அதே கட்டடத்தில் இருந்தாலொழியச் சம்மதிப்பதில்லை. அதனால் மறுப்பது கூடியிருக்கிறது. முற்றத்தில் நாய்களும் கூடியிருக்கின்றன. மருந்து விலையோ ஏறிக்கொண்டே போகிறது. இருந்தாலும் இப்போது மறுக்கும்போது எனக்குக் காரணம் தெரிகிறது. எதிரில் இருப்பவரின் வயதைக் காட்டி மறுக்கவில்லை.

வயதானவர்களுக்குக் கொடுப்பதைப் பற்றியும் எங்களுக்குள் இப்போது பேச்சு மாறியிருக்கிறது. முன்பு அறுபது தாண்டியவர் கேட்டால் தயங்குவோம். நாய் இருக்கும், அவர் இருப்பாரா என்று. இன்றைக்கு இந்த ஊரில் வீட்டோடு நிற்கிறவர்கள் அவர்கள்தான். பிள்ளைகள் பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் இருக்க, மாலை நேரத்தில் பேசுவதற்கு ஆளில்லாத அம்மாக்கள் தாம்வேயிலும் திங்கன்ஜூனிலும் எத்தனையோ பேர். அவர்களுக்குக் குட்டி வேண்டாம். குட்டி ஓடும், கடிக்கும், காலில் சிக்கும். நாலைந்து வயதான, நடையைக் கற்றுக்கொண்ட நாய்தான் பொருத்தம். யாரும் கேட்காமல் என் முற்றத்தில் மாதக்கணக்கில் கிடக்கிறவை அந்த வயது நாய்களே. இரண்டாம் ஆளாகச் சந்தில் ஓர் இளம் குடும்பம் கையெழுத்துப் போட்டால் போதும்.

இப்போது என்னிடம் கருப்பி இருக்கிறாள். பெட்டை, முழுக் கறுப்பு, நாலு வயது இருக்கும் என்கிறார் சயாமா. பிறப்புறுப்பில் வளரும் தொற்றுக் கட்டியோடு சந்தைப் பக்கம் ரத்தம் சொட்ட அலைந்தவள். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று தொடர்ந்து போட்டதில் கட்டி முழுவதும் கரைந்துவிட்டது. கருத்தடையும் முடிந்தது, வெறிநோய் ஊசியும் போட்டாயிற்று. கறுப்பு என்பதால் படத்தைப் பார்த்து இதுவரை யாரும் கேட்கவில்லை. பூனைகளோடு ஒத்துப்போவாள். குடையை விரித்தால் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் தானாக வருவாள். மாடி ஏற முடியாது, முன்னங்காலில் பழைய முறிவு இருக்கிறது. தரைத்தளமாக இருக்க வேண்டும். கோழி ஈரல் பிசைந்த சோறு பிடிக்கும், வெறும் சோற்றையும் மறுக்கமாட்டாள். தாம்வே, திங்கன்ஜூன், யாங்கின் பக்கம் இருப்பவர்கள் யாராவது விருப்பப்பட்டால், புத்தகத்தில் எழுத இரண்டு பெயரோடு வாருங்கள். அடுத்த ஊசி வரும் பிப்ரவரியில். அதற்கான செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.